தாளம் எவ்வளவு தூரம் போகும்?

வடமேற்கு லண்டனில், கிங்ஸ்பரி போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிப்போன காட்சி இது. வார இறுதியில் ஒரு பிள்ளைக்கு அரங்கேற்றம். மண்டபம் நிறையச் சொந்தபந்தம். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவுக்கு முழங்கால் வலி. விமானம் ஏற முடியவில்லை. அதனால் முதல் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் கைபேசியை மாட்டி வீடியோ அழைப்பைத் திறந்துவிடுகிறார்கள். புஷ்பாஞ்சலி தொடங்கி மங்களம் வரை அம்மம்மா கண் எடுக்காமல் பார்க்கிறார். கடைசி வரிசையில், உயரமான ஒருவரின் தலைக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட சித்தப்பாவைவிட அவருக்குத்தான் பேத்தியின் முகபாவம் தெளிவாகத் தெரிகிறது.

முடிந்தபின் சித்தப்பா, "எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு" என்கிறார். அம்மம்மாவோ, "நல்லா ஆடினவள் பிள்ளை. ஆனா ரீவியில பாத்த மாதிரித்தான் கிடக்கு" என்கிறார்.

இருவரும் பார்த்தது ஒரே ஆட்டம், ஒரே நேரத்தில். நன்றாகத் தெரிந்தவருக்கு ஒட்டவில்லை. அரைகுறையாகத் தெரிந்தவருக்குப் புல்லரிக்கிறது. ஏன்?

"நேரில் பார்ப்பது போல வருமா?" என்று சொல்லி முடித்துக்கொள்வது வழக்கம். அது பதில் அல்ல. கேள்வியையே வேறு சொற்களில் சொல்வது. கேமரா விற்பவரைக் கேட்டால், படத்தின் தரம் போதாது, இன்னும் நல்ல கேமரா வாங்குங்கள் என்பார். அவர் சொல்வது தவறு என்பதற்குச் சாட்சி கிங்ஸ்பரியிலேயே இருக்கிறது.

ரோ கிரீன் பூங்காவின் கான்கிரீட் கட்டை

ஜூபிலி ரயில் பாதையில் கிங்ஸ்பரி நிலையத்தில் இறங்கி, கிங்ஸ்பரி ரோட்டில் மரக்கறிக் கடைகளையும் நகைக் கடைகளையும் தாண்டிப் போனால் ரோ கிரீன் பூங்கா வரும். பூங்காவுக்குள் கிங்ஸ்பரி மேனர் என்ற பழைய மாளிகை. அதன் அருகே புல்லுக்கு நடுவில் கான்கிரீட் அடித்தளம் ஒன்று கிடக்கிறது. நாயோடு நடப்பவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் அதன்மேல் வானலைக் கம்பம் நின்றது. நட்டவர் ஜான் லோகி பேர்ட்.

தொலைக்காட்சியை முதலில் செய்து காட்டியவர்களில் ஒருவரான இந்த ஸ்காட்லாந்துக்காரர், 1926 ஜனவரியில் லண்டன் சோஹோ பகுதியில் ஒரு மாடி அறையில் அறிவியலாளர்களை உட்காரவைத்துத் தன் கருவியைக் காட்டினார். பிறகு கிங்ஸ்பரி மேனரின் குதிரைவண்டிக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, அங்கே ஏற்பி நிலையம் அமைத்தார். 1929-ல் பெர்லினிலிருந்து அனுப்பிய தொலைக்காட்சி அலைகளை இந்தக் கொட்டகையில் பிடித்தார்கள்.

அந்தப் படம் எப்படி இருந்திருக்கும்? பேர்டின் முறையில் ஒரு படத்துக்கு மொத்தம் 30 கோடுகள். நொடிக்கு பன்னிரண்டரைப் படங்கள். வீட்டுக் கருவியில் தெரியும் படம் தீப்பெட்டி அளவுகூட இருக்காது. முன்னால் ஒரு கண்ணாடி வில்லையை வைத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஒரு படத்தை 2,100 புள்ளிகளாகக் கணக்கிட்டால், நொடிக்கு சுமார் 26,000 புள்ளிகள். இன்றைய கைபேசித் திரையில் ஒரே படத்தில் இருபது லட்சம் புள்ளிகளுக்குமேல் இருக்கின்றன.

ஒரு விஷயத்தில் மட்டும் அந்தக் கொட்டகை இன்றைய கைபேசியைத் தோற்கடித்துவிடும். பெர்லினிலிருந்து லண்டன் சுமார் 930 கிலோமீட்டர். வானலை ஒளியின் வேகத்தில், நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. ஆக, பெர்லினில் ஒருவர் கண் சிமிட்டினால் கிங்ஸ்பரியில் சுமார் 3 மில்லிநொடியில் தெரியும். ஒரு மில்லிநொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இடையில் சேமித்துவைப்பதும் இல்லை, சுருக்கி விரிப்பதும் இல்லை; புள்ளி கிளம்பியதும் வந்து சேர்ந்துவிடும். இன்று அதே பெர்லினுக்கு வீடியோ அழைப்புப் போட்டால், கேமரா படத்தைச் சேர்த்து, கணினி சுருக்கி, வழியில் தொலைந்த துண்டுகளுக்காகக் காத்திருந்து, மறுமுனையில் விரித்துக் காட்டுவதற்குள் நூறு இருநூறு மில்லிநொடி ஓடிவிடும்.

ஒரு முனையில் நடந்தது மறுமுனையில் தெரிவதற்குள் கழியும் நேரத்தைத் தாமதம் என்று அழைப்போம். இந்த அத்தியாயம் முழுக்க அதுதான் வில்லன். தொண்ணூறு ஆண்டுகளில் படம் ஆயிரம் மடங்கு தெளிவாகிவிட்டது. தாமதம் மட்டும் கூடியிருக்கிறது.

இருட்டில் ஆடியவர்கள்

பேர்டின் கருவிக்கு நடனம் பிடித்துப்போனதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. அவருடைய படம் அகலம் 3, உயரம் 7 என்ற அளவில் நெட்டையாக இருந்தது. நிற்கும் மனித உடம்பு அதில் கச்சிதமாக அடங்கும். (கைபேசியை நிமிர்த்திப் பிடித்து நடன ரீல் எடுக்கும் இன்றைய பிள்ளைகள் தெரியாமலேயே பேர்டின் சட்டகத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள்.)

ஆடுபவர்களுக்குத்தான் சங்கடம். ஸ்டுடியோ இருட்டாக இருக்கும். ஒரு சிறு ஒளிப்புள்ளி மட்டும் ஆடுபவர்மேல் கீழிருந்து மேலாக, கோடு கோடாக ஓடிக்கொண்டே இருக்கும். உடம்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை ஒளிமின்கலங்கள் மின்சாரமாக மாற்றும். முகத்தின் அம்சங்கள் பிரிந்து தெரியவேண்டும் என்பதற்காகச் சாதாரண மேடை ஒப்பனையைக் கைவிட்டு, கண்ணையும் உதட்டையும் அழுத்தமான நிறத்தில் எழுதினார்கள். மின்னிக்கொண்டே இருக்கும் இருட்டில், பார்வையாளர் ஒருவரும் எதிரில் இல்லாமல் ஆட வேண்டும். 1933 ஏப்ரலில் பிபிசி ஒளிபரப்பிய 'லுக்கிங் இன்' என்ற நிகழ்ச்சியை ஒருவர் வீட்டிலிருந்தபடி இசைத்தட்டில் பதிவு செய்துவைத்திருந்தார். பல பத்தாண்டுகள் கழித்து டொனால்ட் மெக்லீன் என்ற பொறியாளர் அதிலிருந்து படத்தை மீட்டார். ஒளிபரப்பிலிருந்து பதிவாகி இன்று நம்மிடம் இருக்கும் மிகப் பழைய தொலைக்காட்சிப் படங்களில் ஒன்று அது. அதில் இருப்பது பாரமவுண்ட் அஸ்டோரியா கேர்ல்ஸ் என்ற நடனக் குழு, வரிசையாகக் காலை வீசி ஆடுகிறது.

2,100 விளக்குகள்

1930 ஜூலை 14. லாங் ஏக்கர் தெருவிலிருந்த பேர்டின் ஸ்டுடியோவிலிருந்து பிரிட்டனின் முதல் தொலைக்காட்சி நாடகம் ஒளிபரப்பானது. பிராண்டெல்லோ எழுதிய 'வாயில் பூவோடு இருக்கும் மனிதன்'. சட்டகத்துக்குள் ஒரு நேரத்தில் ஒரு முகந்தான் கொள்ளும். அடுத்தவர் முகம் வரவேண்டுமென்றால் நடுவில் ஒரு பலகையை நுழைத்து மறைத்து, ஆளை மாற்ற வேண்டும். நாடகமாக அது பெரிய சாதனை என்று நான் சொல்லமாட்டேன்.

இரண்டு வாரம் கழித்து நடந்ததுதான் நமக்கு முக்கியம். ஜூலை 28-ல், லண்டன் கொலீசியம் என்ற பெரிய அரங்கில், மற்ற கேளிக்கை நிகழ்ச்சிகளுக்கு நடுவே பேர்ட் தன் திரையைக் கொண்டுவந்து வைத்தார். திரை என்றால் துணி அல்ல. 2,100 சிறு மின்விளக்குகளை அடுக்கிய பலகை. சுழலும் மின்இணைப்புமாற்றி ஒன்று ஒவ்வொரு விளக்கையும் முறைவைத்து ஏற்றி அணைக்கும். நடந்து போகும் தூரத்தில் இருந்த லாங் ஏக்கர் ஸ்டுடியோவில் பேசுபவரின் முகம் இங்கே விளக்குகளில் தெரியும். அரசியல்வாதிகள் வந்தார்கள், குத்துச்சண்டை வீரர் வந்தார்.

ஒரு முகத்துக்கு 2,100 விளக்கு என்றால் கண் எது, புருவம் எது என்று ஊகிக்கத்தான் வேண்டும். ஆனாலும் கூட்டம் வந்தது. பிறகு பெர்லின், பாரிஸ், ஸ்டாக்ஹோம் அரங்குகளுக்கும் அந்தத் திரை பயணப்பட்டது. இதற்குப் புதுமை மோகம் ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. இன்னொரு காரணம், மேடையில் இருந்த ஒரு தொலைபேசி. அரங்கில் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி அதன் வழியாக ஸ்டுடியோவுக்குப் போகும். விளக்குகளால் ஆன முகம் அதைக் கேட்டு, யோசித்து, பதில் சொல்லும்.

கிங்ஸ்பரிக் கொட்டகைக்குப் படம் வந்தது. கிங்ஸ்பரியிலிருந்து எதுவும் பெர்லினுக்குத் திரும்பிப் போகவில்லை. கொலீசியத்தில் கேள்வி திரும்பிப் போனது. அம்மம்மாவின் கைபேசியிலும் படம் வருகிறது. அவருடைய கைதட்டல் பேத்திக்குப் போகிறதா?

மூன்று சுற்றுகள்

மேடையிலிருந்து கிளம்பும் ஒன்று இன்னொருவரைத் தொட்டு, அவரிடமிருந்து கிளம்பும் ஒன்று மேடைக்குத் திரும்பி, அடுத்த கணத்தை மாற்றுகிறது. இதை மறுமொழிச் சுற்று என்று வைத்துக்கொள்வோம். தமிழ் மேடைக்கு இது புதிதல்ல. தெருக்கூத்தில் கட்டியங்காரன் முன்வரிசைக்காரரை வம்புக்கு இழுத்து, அவர் சொல்லும் பதிலை வைத்தே அடுத்த நகைச்சுவையைக் கட்டுவான். ஸ்பெஷல் நாடக காலத்தில் 'ஒன்ஸ்மோர்' என்று குரல் எழுந்தால் செத்துக் கிடந்த பாத்திரம்கூட எழுந்து பாட்டைத் திரும்பப் பாடும் என்று பழைய ஆட்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

ஒரு நாட்டிய மேடையில் இப்படி மூன்று சுற்றுகள் ஓடுகின்றன. கலைஞருக்கும் கலைஞருக்கும் இடையே ஒன்று: நட்டுவனார் ஆடுபவளின் காலைப் பார்க்கிறார், அவள் தாளத்தைக் கேட்கிறாள். கலைஞருக்கும் பார்வையாளருக்கும் இடையே இன்னொன்று. மூன்றாவதை நாம் மறந்துவிடுகிறோம்: பார்வையாளருக்கும் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் இடையே ஓடுவது.

மூன்றாவதன் வலிமையைக் காட்டியது ஒரு நாடக நேரலை. 2009 ஜூனில் லண்டன் தேசிய நாடக அரங்கு, ஹெலன் மிரன் நடித்த 'ஃபெத்ர' நாடகத்தைத் திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்பியது. நெஸ்டா என்ற அமைப்பு இரு பக்கத்துப் பார்வையாளர்களிடமும் கேட்டுப் பார்த்தது. திரையரங்கில் பார்த்தவர்கள், நாடக அரங்கில் பார்த்தவர்களைவிட அதிகமாக மனம் ஒன்றியதாகச் சொன்னார்கள். அவர்கள் அழுததும் சிரித்ததும் நடிகர்களுக்குக் கேட்டிருக்க வழியே இல்லை. ஆனால் இருட்டில் நூறு பேரோடு உட்கார்ந்து, இது இப்போது நடக்கிறது என்று தெரிந்து பார்த்தார்கள். அம்மம்மா தனியாக, சாய்மனைக் கதிரையில், கையளவு திரையில் பார்த்தார்.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி. நேரலை கிரிக்கெட் பல நொடி தாமதமாகத்தானே வருகிறது? வருகிறது. பக்கத்து வீட்டில் முன்கூட்டியே கத்தாதவரை நமக்கு அது தெரிவதில்லை. ஒரு திசையில் மட்டும் போகும் சங்கதியில் தாமதம் எவ்வளவு இருந்தாலும் பாதகமில்லை. மண்டபத்தில்கூடத் தாமதம் உண்டு. ஒலி ஒரு மீட்டரைக் கடக்கச் சுமார் 3 மில்லிநொடி ஆகிறது. மேடையிலிருந்து 25 மீட்டர் தள்ளி இருக்கும் சித்தப்பாவுக்குச் சலங்கை ஒலி, கால் தரையில் பட்டு 73 மில்லிநொடி கழித்துத்தான் கேட்கிறது. அவருக்குத்தான் புல்லரித்தது. திரும்பி வரவேண்டிய ஒன்று இருக்கும்போதுதான் தாமதம் கடிக்கத் தொடங்கும்.

நட்டுவனார் மயிலாப்பூரில், சலங்கை கிங்ஸ்பரியில்

எப்படிக் கடிக்கும் என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குருவுக்கு லண்டன் வர முடியவில்லை. மயிலாப்பூரில் தன் வீட்டிலிருந்தே நட்டுவாங்கம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாணவி கிங்ஸ்பரியில் ஒரு பள்ளி மண்டபத்தில். லண்டனிலிருந்து சென்னை, நேர்க்கோட்டில் சுமார் 8,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். நேர்க்கோட்டில் இழை போட்டாலே ஒரு வழிக்கு 41 மில்லிநொடி. ஆனால் கேபிள்கள் மத்தியதரைக் கடல், செங்கடல் என்று சுற்றி வருகின்றன. அதோடு கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரமும் சேரும். எல்லாம் மிக நன்றாக அமைந்து ஒரு வழித் தாமதம் 100 மில்லிநொடி என்று தாராளமாகவே வைப்போம். வீடியோ அழைப்பில் இது கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஆதி தாளம். ஒரு தட்டுக்கு 0.8 நொடி, அதாவது நிமிடத்துக்கு 75 தட்டு. ஒரு தட்டுக்குள் த-க-தி-மி என்று நான்கு சொல் விழுந்தால், ஒரு சொல்லுக்கு 200 மில்லிநொடி. அதற்கு மேல் காலத்தில் எட்டுச் சொல். ஒன்றுக்கு 100 மில்லிநொடி.

குரு 'த' என்று தாளத்தைத் தட்டுகிறார். கிங்ஸ்பரிக்கு அது 100 மில்லிநொடி கழித்துக் கேட்கிறது. மாணவி அணு பிசகாமல் அதன்மேல் காலை வைக்கிறாள். மண்டபத்தில் இருப்பவர்களுக்குத் தாளமும் காலும் ஒன்றாகவே விழுகின்றன, குறையே தெரியாது. அந்தச் சலங்கை ஒலி மயிலாப்பூர் போய்ச் சேர இன்னொரு 100 மில்லிநொடி. குரு தட்டியதிலிருந்து மொத்தம் 200. நான்கு சொல் காலத்தில் அவள் ஒரு சொல் பிந்தியதாக குருவுக்குக் கேட்கிறது: அவர் 'க'வில் இருக்கும்போது அவள் 'த'வில் இருக்கிறாள். மேல் காலத்துக்குப் போனால் இரண்டு சொல் பிந்துவாள். அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவருக்கு அது தப்பாகவே கேட்கும்.

குருவுக்கு இப்போது இரண்டு வழி. ஒன்று, சலங்கையைக் காதில் வாங்காமல் தன் காலப்பிரமாணத்தில் ஒரே சீராகப் போவது. கிங்ஸ்பரி மண்டபத்தில் நிகழ்ச்சி அப்பழுக்கில்லாமல் நடக்கும். ஆனால் அந்த நிமிடமே அவர் ஒரு கேசட்டாகிவிட்டார். மாணவிக்கு மூச்சு வாங்கினாலும் தெரியாது, ஜதியை முடித்துவைக்கும் தீர்மானத்தில் ஒரு கண நேரம் தாங்கிப் பிடிக்கவும் முடியாது.

இரண்டாவது வழி, நல்ல நட்டுவனார் எவரும் தன்னையறியாமல் செய்வது: அவளுக்காகக் கொஞ்சம் நிதானிப்பது. 200 மில்லிநொடி பிந்துகிறாள் என்று நினைத்து, அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும், 20 மில்லிநொடியை, அடுத்த தட்டில் கூட்டிக்கொள்கிறார். 0.8 நொடித் தட்டு 0.82 ஆகிறது. மாணவி அதையும் அப்படியே பின்பற்றுகிறாள். பின்பற்றிய ஒலி மறுபடியும் 200 மில்லிநொடி பிந்தியே வருகிறது. மறுபடி 20 கூட்டுகிறார். எட்டுத் தட்டு, ஓர் ஆவர்த்தனம் முடியும்போது ஒரு தட்டு 0.96 நொடியாகிவிட்டது. நிமிடத்துக்கு 75 இருந்த காலப்பிரமாணம் 62-க்கு இறங்கிவிட்டது. இரண்டாம் ஆவர்த்தனத்தில் தில்லானா பதமாகிவிடும்.

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிரிஸ் சேஃப் குழுவினர் இருவர் இருவராக வெவ்வேறு அறைகளில் உட்காரவைத்து, ஒருவர் மற்றவரின் கைதட்டலைக் கேட்டபடி தாளம் போடச் சொன்னார்கள். நடுவில் தாமதத்தைக் கூட்டிக் குறைத்தார்கள். தாமதம் கூடக் கூட வேகம் இறங்கியது, நாம் கணக்கிட்டபடியே. சுவையான சங்கதி மறுகோடியில் இருந்தது. தாமதம் ஏறக்குறைய இல்லாமல் போனபோது வேகம் ஏறியது. இருவரும் ஒருவரை ஒருவர் முந்தினார்கள். சுமார் 11 அல்லது 12 மில்லிநொடித் தாமதத்தில்தான் தாளம் அசையாமல் நின்றது. காற்றில் அது நான்கு மீட்டர் தூரம். சேர்ந்து வாசிக்கும் மனிதர்கள் வழக்கமாக உட்காரும் தூரம் அதுதான் என்பது தற்செயலா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பொதுவாக 25, 30 மில்லிநொடி வரை இசைக்கலைஞர்கள் சமாளிக்கிறார்கள். அதற்கு மேல் இழுபறி.

பதம் தாங்கும்

கடலைத் தாண்டிச் சேர்ந்து ஆடவே முடியாது என்று இதற்கு அர்த்தமா? இல்லை. எதை அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஒரு பதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகர் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, வெவ்வேறு சங்கதிகளில் பாடுகிறார். ஆடுபவள் சஞ்சாரியில் எங்கோ போய், ஏங்கி, கோபித்து, முடித்துவிட்டு, கண்ணால் ஒரு குறிப்புக் கொடுக்கிறாள். பாடகர் அடுத்த வரிக்கு நகர்கிறார். இங்கே சுற்று ஓடுவது சொல்லுக்குச் சொல் அல்ல, வரிக்கு வரி. அந்தக் குறிப்பு கால் நொடி பிந்தி வந்தாலும் பாடகர் இன்னொரு முறை பாடிவிட்டு நகர்வார், யாருக்கும் தெரியாது. அபிநயத்தில் பரிமாறப்படும் சேதி ஜதியைவிட ஆழமானது. தாமதத்தைப் பொறுத்தவரை அதுதான் சொகுசானது. ஜதியையும் தில்லானாவையும் உள்ளூர்க் கலைஞர்களிடம் விட்டுவிட்டு, பதத்தை மட்டும் சென்னைப் பாடகருக்குக் கொடுத்தால் போதும். தொழில்நுட்பக்காரர்கள் வேகமான இணைப்பைத் தேடி அலைவதற்குமுன் உருப்படிப் பட்டியலைப் பார்க்கலாம்.

சென்னையில் பிறந்து லண்டனில் நடனக் குழு நடத்தும் ஷோபனா ஜெயசிங், 2002-லேயே இந்தத் தூரத்தைக் கையில் எடுத்தார். 'ஹின்டர்லாண்ட்' என்ற படைப்பில், பெங்களூரில் ஒருவர் ஆடுவது இணையம் வழியாக லண்டன் கிரீனிச் அரங்குக்கு வந்து திரையில் விழ, அங்கே மேடையில் இருந்தவர்கள் அதனோடு ஆடினார்கள். அன்றைய இணையத்தின் வேகத்தை நினைத்துப் பார்த்தால் துணிச்சல்தான். காலும் தாளமும் ஒட்ட வேண்டிய அடவை நம்பி அப்படியொரு மேடையைக் கட்ட முடியாது. இரண்டு நகரங்களின் இடைவெளியையே பொருளாக்கினால் முடியும்.

உடம்பை அனுப்புவது

அண்மைக் கால மேடையில் அதிகம் பேசப்படும் கருவி அசைவுப் பிடிப்பு. உடம்பில் ஒட்டிய உணரிகள் மூட்டுகளின் கோணத்தை மட்டும் நொடிக்குப் பலமுறை அளந்து அனுப்பும். அதைக் கொண்டு கணினி ஒரு கற்பனை உருவத்தை ஆட்டுவிக்கும். 2016-ல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 'டெம்பெஸ்ட்' நாடகத்தில் ஏரியல் என்ற ஆவிக்கு இதைப் பயன்படுத்தியது. நடிகர் மார்க் குவார்ட்லி உணரி உடையோடு மேடையிலேயே நின்று நடிக்க, அவருடைய அசைவில் ஒளியுருவம் அந்தரத்தில் பறந்தது. முன்கூட்டியே படமாக்கி ஓடவிட்டிருந்தால் செலவும் தலைவலியும் குறைந்திருக்கும். ஆனால் பார்வையாளர்கள் சிரித்தால் படம் காத்திருக்காது. குவார்ட்லி காத்திருப்பார், அவரோடு ஆவியும் காத்திருக்கும்.

2021 மார்ச்சில், அரங்குகள் பூட்டிக் கிடந்தபோது, அதே கம்பெனி 'ட்ரீம்' என்ற நிகழ்ச்சியைப் போர்ட்ஸ்மத்திலிருந்து இணையத்தில் நேரலையாக நடத்தியது. வீட்டில் இருந்தவர்கள் விரலால் மின்மினிகளை அனுப்ப, அவை அந்தக் கற்பனைக் காட்டுக்குள் வெளிச்சமாகப் போய் விழுந்தன. நல்ல யோசனை. என் பார்வையில் அரைக் கிணறு தாண்டிய யோசனை: ஆயிரம் பேர் அனுப்பும் மின்மினிகளில் என்னுடையது எது என்று எனக்கும் தெரியாது, நடிகருக்கும் தெரியாது. கொலீசியத்துத் தொலைபேசி ஒருவரின் கேள்வியை அவருடைய கேள்வியாகவே கொண்டுபோனது.

2022-ல் லண்டனில் தொடங்கிய அப்பா குழுவின் 'வோயாஜ்' எதிர்த் திசையில் போகிறது. பாடகர்கள் நால்வரும் முன்பே பதிவான ஒளியுருவங்கள். அவர்களுக்கு யார் குரலும் கேட்காது. ஆனால் ஓரத்தில் ரத்தமும் சதையுமாக ஓர் இசைக்குழு உட்கார்ந்து வாசிக்கிறது. நேரில் நடக்கிறது என்ற உணர்வுக்கு அந்த இசைக்குழுவும், கூடி ஆடும் கூட்டமும் முட்டுக் கொடுக்கின்றன.

சலங்கையை விழுங்கும் கைபேசி

அம்மம்மாவின் அழைப்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். வீடியோ அழைப்பு மென்பொருள்கள் பேச்சுக்காகச் செய்தவை. பேச்சில்லாத எதையும் இரைச்சல் என்று எண்ணி வடிகட்டும். சலங்கை, நட்டுவாங்கத் தாளம், கைதட்டல் ஆகிய மூன்றும் அவற்றின் காதுக்குக் கச்சிதமான இரைச்சல்! தாளம் பலமாக விழும் இடத்தில் ஒலி முழுகிவிடுவது அதனால்தான். இரு பக்கமும் ஒரே நேரத்தில் ஒலி எழுந்தால், எதிரொலி வரக்கூடாது என்று ஒரு பக்கத்தை அடக்கியும்விடும். ஜூம் போன்ற மென்பொருள்களில் இசைக்கென்று மூல ஒலி அமைப்பு ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் வடிகட்டி விலகும். பலர் அதைத் தேடிப் பார்ப்பதே இல்லை.

அடுத்தது கண். அபிநயத்தில் பேத்தி சபையைப் பார்க்கிறாள். கைபேசி பக்கவாட்டில் நிற்கிறது. அம்மம்மாவின் கண்ணை அவள் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. மூன்றாவது வரிசை நடுவில் ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு அங்கே ஒரு திரையையும், அதன் விளிம்பிலேயே கேமராவையும் வைத்தால், ஆடுபவள் அம்மம்மாவின் முகத்தைப் பார்க்கும்போது கேமராவையும் பார்த்தவளாகிறாள்.

கைதட்டலுக்குத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. எந்தக் கைதட்டலும் ஒருவரிடம் தொடங்கிப் பரவ ஒரு நொடியாவது ஆகிறது; யாழ்ப்பாணத்திலிருந்து கால் நொடி பிந்தி வந்தால் அலையோடு அலையாகக் கலந்துவிடும். மண்டபத்தின் பின்பக்க ஒலிபெருக்கியில் அதைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் கைபேசியை வரவேற்பறைத் தொலைக்காட்சியோடு இணைத்து, அக்கம்பக்கத்தாரையும் தேநீருக்குக் கூப்பிட்டுவிட்டால் மூன்றாவது சுற்றும் ஓடத் தொடங்கும். இதற்கெல்லாம் புதுக் கருவி எதுவும் வேண்டாம்.

பாரிஸ் கிட்டத்தான்

ஜதியை என்ன செய்வது? உள்ளே கண்ணாடி இல்லாமல் காற்று மட்டும் உள்ள குழல் இழைகள் இப்போது வந்திருக்கின்றன. இங்கிலாந்தில் சவுத்தாம்டன் பல்கலைக்கழகம் அவற்றில் முன்னோடி. அவற்றில் ஒளி ஏறக்குறைய முழு வேகத்தில் போகும். அதைச் சென்னைவரை நூல் பிடித்தாற்போல் நேராகப் போட்டாலும் ஒரு வழிக்கு 27 மில்லிநொடி. கருவிகளின் நேரத்தையும் சேர்த்தால் கலைஞர்கள் சமாளிக்கும் எல்லையைத் தாண்டிவிடும். மயிலாப்பூர் நட்டுவனாரின் தீர்மானத்துக்குக் கிங்ஸ்பரியில் கால் வைப்பது, ஒளியைவிட வேகமான ஒன்று கிடைக்கும்வரை நடக்காத காரியம்.

பாரிஸ் அப்படியல்ல. லா ஷப்பல் பகுதியில் தமிழ்க் கடைகளும் தமிழ்க் கலைஞர்களும் நிறைந்த தெருக்கள் இருக்கின்றன. கிங்ஸ்பரியிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 350 கிலோமீட்டர். கேபிள் சுற்றிக்கொண்டு இரட்டிப்புத் தூரம் போனாலும் மூன்றரை மில்லிநொடி. இத்தாலியில் ட்ரியஸ்டே நகரத்து டார்ட்டினி இசைக் கல்லூரியினர் உருவாக்கிய லோலா என்ற அமைப்பு, படத்தையும் ஒலியையும் சுருக்காமல், சேமித்துவைக்காமல், பேர்டைப் போலக் கிளம்பியதும் அனுப்பிவிடுகிறது. 2010-லேயே ட்ரியஸ்டேக்கும் பாரிசுக்கும் இடையே அதில் சேர்ந்து வாசித்துக் காட்டினார்கள். வீட்டு வைஃபை அதற்குப் போதாது. பல்கலைக்கழகங்களை இணைக்கும் வலையமைப்பு போன்ற இணைப்பு வேண்டும். அது கிடைத்தால், கருவிகள் எடுத்துக்கொள்ளும் ஆறேழு மில்லிநொடியைச் சேர்த்தும் மொத்தம் பத்துக்குப் பக்கத்தில் நிற்கும். லா ஷப்பலில் உட்கார்ந்து நட்டுவாங்கம் செய்பவர், கிங்ஸ்பரி மேடையில் ஆடுபவளுக்கு மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தவர் ஆகிறார். மேல் காலத்து ஜதியைத் தாராளமாகச் சொல்லலாம்.